சிவப்பைக் கண்டதும் நின்றது

நின்றுவிட்டது! ஃப்ளெக்ஸ் பேனரின் வெள்ளைப் பின்பக்கத்தில் குறுக்கே ஒட்டியிருந்த சிவப்பு டேப்பின் மேல் வந்ததும், யாரும் தொடாமல் அந்தச் சின்ன வண்டி தானாக நின்றுவிட்டது. நானும் என் அண்ணன் மகளும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு கத்தினோம். என்னவோ ஏதோ என்று அடுப்படியிலிருந்து அம்மா ஓடி வந்தார். "ஒண்ணுமில்லீங்கம்மா, ரோபோ சிவப்பைப் பார்த்துருச்சு" என்றேன். எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போய் மூன்று மாதமாகிறது. அந்தச் சந்தோஷம் இன்னும் இறங்கவில்லை. டீ குடிக்கும் இடத்தில், பஸ்ஸில், கல்யாண வீட்டுப் பந்தியில் என்று யார் அகப்பட்டாலும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

நான் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் லேபில் 22 வருடமாக வேலை செய்கிறவள். எனக்குச் சோறு போடுவது நிறம். வெளிநாட்டுப் பையர் கையகலத் துணி ஒன்றை அனுப்புவார்; அதே ஷேட் வருகிற மாதிரி சாயத்தைக் கலந்து, சின்னத் துண்டில் ஏற்றி லேப் டிப் காட்ட வேண்டும். லைட் பாக்ஸுக்குள் இரண்டு துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பகல் வெளிச்சத்துக்கு நிகரான டி65 விளக்கில் ஒரு முறை, கடை வெளிச்சத்துக்கான டிஎல்84 விளக்கில் ஒரு முறை, மஞ்சள் குண்டு பல்பில் ஒரு முறை என்று பார்ப்போம். ஒரு விளக்கில் அச்சுப் பிசகாமல் ஒன்றாகத் தெரிகிற இரண்டு துணி, அடுத்த விளக்கில் அக்காவும் தங்கையும் மாதிரி ஆகிவிடும். அதனால்தான் என் அண்ணன் மகள் தன் அப்பாவை விட்டுவிட்டு என்னிடம் வந்தாள். "அத்தை, உங்களுக்குத்தான் கலர் தெரியுமே, வாங்க" என்றாள். ஏழாம் வகுப்பு படிக்கிறாள்.

அவள் கையில் இருந்தது லெகோ மைண்ட்ஸ்டார்ம்ஸ் ஈவி3 என்ற ரோபோ செட். அண்ணனின் நண்பர் மகன் காலேஜுக்குப் போனதும் கொடுத்துவிட்ட பெட்டி. பள்ளிக்கூடங்களுக்கான பதிப்பு, 541 துண்டுகள். 2013இல் வந்த மாடல். மைண்ட்ஸ்டார்ம்ஸ் வரிசையையே 2022 முடிவோடு லெகோ நிறுத்திவிட்டது. ஆனால் பழைய பெட்டி கிடைத்தால் விடாதீர்கள், கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடுங்கள். நான்கு மோட்டாரும் நான்கு சென்சாரும் செருகுகிற அந்தச் சாம்பல் நிறப் பெட்டிக்குள் லினக்ஸ் ஓடுகிறது. பத்து வருடம் கழித்தும் பேட்டரி போட்டதும் விழித்துக்கொண்டது.

மைண்ட்ஸ்டார்ம்ஸ் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடியபோது சீமோர் பேப்பர்ட் கிடைத்தார். 1980இல் அவர் எழுதிய புத்தகத்தின் பெயர் அது. குழந்தைகளுக்காக 1967இல் உருவான லோகோ மொழிக்குப் பின்னால் இருந்தவர்களில் அவரும் ஒருவர். தரையில் ஊர்கிற ஆமை ரோபோவுக்குக் குழந்தை கட்டளை சொல்ல, அது கோடு போட்டுக்கொண்டே போகும். கம்ப்யூட்டர் குழந்தைக்குப் பாடம் நடத்துவதைவிட, குழந்தை கம்ப்யூட்டருக்குச் சொல்லித் தர வேண்டும் என்பது அவர் கட்சி. எங்கள் வீட்டு ஹாலில் அது அப்படியே நடந்தது. இவள் சொல்லித் தந்தாள், அது கற்றுக்கொண்டது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் இரண்டு பேரிடமும் கற்றுக்கொண்டேன்.

முதல் புரோகிராமில் மூன்றே பிளாக். பச்சை பிளாக்: இரண்டு மோட்டாரையும் ஓட்டு. ஆரஞ்சு பிளாக்: கலர் சென்சார் சொல்லும்வரை காத்திரு. மறுபடி பச்சை: நிறுத்து. லேப்டாப் திரையில் ரயில்பெட்டி மாதிரி ஒன்றோடொன்று கோத்தால் முடிந்தது. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, புதிதாகத் தொடங்குகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். மோட்டார் பிளாக்கில் 'இத்தனை சுற்று ஓட்டு' என்று வைத்தால், அந்தச் சுற்று முடிகிற வரைக்கும் புரோகிராம் அடுத்த பிளாக்குக்கு நகராது. வழியில் எத்தனை சிவப்பு வந்தாலும் ஏறெடுத்துப் பார்க்காது. வெறுமனே 'ஓட்டு' என்று வைக்க வேண்டும். சக்கரம் பாட்டுக்குச் சுழலும், புரோகிராம் நகர்ந்து சென்சாரைக் கவனிக்கப் போய்விடும்.

அதையெல்லாம் சரியாகச் செய்தும் வண்டி முதல் நாள் சிவப்பு டேப்பின் மேல் ஏறிப் போய்க்கொண்டே இருந்தது. கறுப்பு டேப்பில் நிற்கிறது. நீலத்தில் நிற்கிறது. பச்சையிலும் நிற்கிறது. சிவப்பு என்றால் மட்டும் கண் தெரியாத மாதிரி தாண்டுகிறது. "ஏனுங்கத்தை நிக்க மாட்டேங்குது?" என்று அவள் அழாத குறை.

குனிந்து தரையோடு தலையை வைத்துப் பார்த்தேன். சென்சாரின் வாயிலிருந்து சிவப்பு வெளிச்சம் வந்துகொண்டிருந்தது.

உடம்பு சிலிர்த்துவிட்டது! 22 வருடமாக லைட் பாக்ஸில் பார்ப்பது அல்லவா இது? அந்தச் சென்சாருக்கு மூன்று விதமான பார்வை உண்டு. எவ்வளவு வெளிச்சம் திரும்பி வருகிறது என்று அளப்பது ஒன்று. சுற்றியிருக்கிற வெளிச்சத்தை அளப்பது இன்னொன்று. நிறத்தைப் பெயர் சொல்லி அடையாளம் காண்பது மூன்றாவது. நாங்கள் வைத்திருந்தது முதல் வகை. அதில் சிவப்பு எல்.இ.டி. மட்டும்தான் எரியும். சிவப்பு வெளிச்சத்தை வெள்ளைத் தரையும் அள்ளித் திருப்பிக் கொடுக்கும், சிவப்பு டேப்பும் அள்ளித் திருப்பிக் கொடுக்கும். எண்ணைப் பார்த்தோம்: வெள்ளை 76, சிவப்பு 71. நீலமும் பச்சையும் அந்த வெளிச்சத்தை விழுங்கிவிடுவதால் கறுப்புக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தன. வண்டிக்குச் சிவப்பு டேப் என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை!

மூன்றாவது பார்வைக்கு மாற்றினோம். இப்போது சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எல்.இ.டி.யும் மாறி மாறி மின்னுகின்றன, நம் கண்ணுக்கு வெள்ளை மாதிரி தெரிகிற வேகத்தில். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு திரும்பி வருகிறது என்று சென்சார் தனித்தனியாக எண்ணிக்கொள்கிறது. சிவப்பு விளக்குக்கு நிறைய வருகிறது, மற்ற இரண்டுக்கும் கொஞ்சம்தான் வருகிறது என்றால், இது சிவப்பு. கட்டுரையின் தொடக்கத்தில் நான் கத்தினேனே, அது அப்போதுதான்.

யோசித்துப் பாருங்கள். இருட்டில் நிற்கிற ஒருவரை மூன்று கேள்வி கேட்டு, வருகிற பதிலை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது மாதிரி அல்லவா அது நிறத்தைக் கண்டுபிடிக்கிறது! நம் கண்ணிலும் கூம்பு செல்கள் மூன்று வகைதான். 1861இல் லண்டனில் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் உலகத்துக்கு முதல் வண்ணப் புகைப்படத்தைக் காட்டியபோது செய்ததும் இதே மூன்றுதான்: ஒரே பொருளைச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டி வழியாக மூன்று படம் எடுக்கவைத்து, மூன்றையும் திரையில் ஒன்றின் மேல் ஒன்றாக விழவைத்தார். அந்தப் படத்தில் இருந்த பொருள் என்ன தெரியுமா? கட்டம் போட்ட ஒரு ரிப்பன். துணி! அதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட பெருமையை எப்படிச் சொல்ல?

எங்கள் லேபில் நிறத்தை அளக்கிற ஸ்பெக்ட்ரோ மெஷின் 400 முதல் 700 நானோமீட்டர் வரை, 10க்கு ஒன்றாக 31 இடத்தில் துணியிடம் கேள்வி கேட்கும். விலை பல லட்சம். இது மூன்றே கேள்வி கேட்கிறது. அந்த மூன்றை வைத்துக்கொண்டு இத்தனை வேலை செய்கிறதே என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

பிறகு எங்களை யாராலும் பிடிக்க முடியவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து எலெக்ட்ரிக்கல் கடையில் இன்சுலேஷன் டேப் எல்லா நிறத்திலும் ஒவ்வொரு ரோல் வாங்கினேன். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை, கறுப்பு. ஒயர்மேன்களுக்காகச் செய்த டேப், இந்தச் சென்சாருக்காகவே செய்த மாதிரி பொருந்துகிறது. பழைய ஃப்ளெக்ஸ் பேனரைத் திருப்பிப் போட்டால் எட்டடிக்கு ஆறடி வெள்ளை மைதானம். சென்சாரைத் தரையிலிருந்து ஒரு லெகோ குமிழ் இடைவெளி அளவுக்கு, அதாவது 8 மில்லிமீட்டர் உயரத்தில், நேர் செங்குத்தாக மாட்டினோம். சாய்ந்தால் டேப்பின் பளபளப்பு ஏமாற்றும்.

அவள் அதன்மேல் ஒரு டவுன் பஸ் ரூட் போட்டாள். சிவப்பு வந்தால் ஸ்டாப், மூன்று நொடி நிற்க வேண்டும். மஞ்சளுக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும், பச்சைக்கு வலது. இதற்கு ஸ்விட்ச் பிளாக். ஒரே கேள்விக்குப் பல பதில், ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு வேலை. அதைத் தூக்கி லூப்புக்குள் போட்டுவிட்டால் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். அவள் திடீரென்று நிறுத்தி, "எந்தக் கலரும் இல்லீன்னா என்னங்கத்தை பண்ணும்?" என்று கேட்டாள். எவ்வளவு அருமையான கேள்வி! நமக்குத் தெரிந்த நிறம் எதுவும் வராதபோது என்ன செய்வது என்பதையும் நாம்தான் சொல்லியாக வேண்டும். 'நேராகப் போ' என்று வைத்தாள். பாதையில் பெரும்பாதி நேரம் அது செய்வதும் அதைத்தான்.

ஊர் என்றால் நொய்யல் வேண்டுமே. ஆற்றுக்கு எந்த டேப் ஒட்டுவது என்று கேட்டாள். எனக்குத் தொண்டை அடைத்தது. பட்டறைகள் விட்ட சாயத்தின் நிறத்தில் அந்த ஆறு ஓடிய காலத்தைப் பார்த்தவள் நான். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகளெல்லாம் மூடிக் கிடந்ததும், கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடக்கூடாது என்ற ஏற்பாட்டோடு மறுபடி திறந்ததும் அவளுக்குத் தெரியாது. "நீலம் ஒட்டு, கண்ணு" என்றேன். நீலம் வந்தால் பாலம். வேகத்தைக் குறைத்து ஹாரன் அடித்துக்கொண்டு கடக்க வேண்டும் என்று எழுதினாள்.

பழுப்புதான் எங்களைச் சுற்றலில் விட்டது. பாதையில் பழுப்பு டேப்பே கிடையாது, ஆனால் கறுப்புக் கோட்டை மிதிக்கும்போதெல்லாம் அரை நொடி 'பழுப்பு' என்று திரையில் வந்து போகும். சென்சாருக்குப் பாதி வெள்ளையும் பாதி கறுப்பும் தெரிகிற அந்த விளிம்பில், இரண்டையும் சேர்த்து ஒரு கணக்கைப் போட்டு, பக்கத்தில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதைச் சொல்லிவிடுகிறது. அதற்குத் தெரிந்தது கறுப்பு, நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு, வெள்ளை, பழுப்பு என்று ஏழே ஏழு பெயர். வைத்தியமும் எங்கள் தொழிலிலிருந்தே கிடைத்தது. ஒரு ரீடிங்கை நம்பி லேபில் யாரும் ஷேட்டை ஓகே பண்ண மாட்டார்கள். சின்ன இடைவெளி விட்டு மூன்று முறை பார், மூன்றும் ஒன்றாக இருந்தால் மட்டும் நம்பு என்று புரோகிராமில் சேர்த்தோம். சென்சார் நொடிக்கு 1,000 முறை பார்க்கக் கூடியது. இரண்டு சென்டிமீட்டர் டேப்பைக் கடப்பதற்குள் மூன்று முறை பார்க்க அதற்கு நேரம் தாராளம். பழுப்பு அன்றோடு காணாமல் போயிற்று.

சாயங்காலம் மேற்கு ஜன்னல் வெயில் ஃப்ளெக்ஸில் விழுந்தால் கொஞ்சம் தடுமாறும். சாய்ந்த வெயிலில் ஷேட் பார்க்காதே என்று நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சொல்லித் தந்தார்கள். கறுப்புச் சார்ட்டை வெட்டிச் சென்சாரைச் சுற்றிப் பாவாடை மாதிரி கட்டிவிட்டோம். சரியாகிவிட்டது.

கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற விளையாட்டையும் சொல்லாமல் விடமுடியாது. அதற்குப் பழைய சிவப்பு வெளிச்சப் பார்வையே போதும். காலையில் லேபைத் திறந்ததும் ஸ்பெக்ட்ரோவுக்கு வெள்ளை டைலையும் கறுப்புக் குழியையும் காட்டுவோமே, அதே மாதிரி இதற்கும் வெள்ளையைக் காட்டினோம், 76. கறுப்பைக் காட்டினோம், 6. நடுவே 41. கோட்டின் நடுவில் ஓடச் சொன்னால் முடியாது. எந்தப் பக்கம் விலகினோம் என்று அதற்குத் தெரியாதே. விளிம்பில் ஓடச் சொல்ல வேண்டும். 41க்குக் கீழே போனால் ஒரு பக்கம் திரும்பு, மேலே போனால் மறுபக்கம். முதலில் தள்ளாடித் தள்ளாடித்தான் போயிற்று. பிறகு, 41இலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அந்த அளவுக்கு மட்டும் திரும்பு, கொஞ்சம் விலகினால் கொஞ்சம், நிறைய விலகினால் நிறைய என்று ஒரு பெருக்கலைச் சேர்த்தாள். தறியில் நாடா ஓடுகிற மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. அவ்வளவு அழகு!

அதோடு இவளுக்கு வண்டி பேச வேண்டும் என்று ஆசை. பெட்டிக்கான மென்பொருளில் நம் குரலைப் பதிந்து ஏற்றலாம். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று தன் குரலிலேயே பதிந்தாள். அது நிறத்தின் மேல் போய் நின்று தமிழில் பெயர் சொன்னபோது அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். தன் தையல் பெட்டியிலிருந்து ரவிக்கைத் துண்டுகளை எடுத்து ஒவ்வொன்றாக வண்டிக்கு முன்னால் போட ஆரம்பித்தார். அரக்கைக் கொடுத்தார், "சிவப்பு" என்றது. "சிவப்பா? இது அரக்கு கண்ணு." கத்தரிப்பூக் கலருக்கு "நீலம்" என்றது. வெங்காயக் கலருக்கு "பழுப்பு" என்றது. அம்மா முகம் வாடிவிட்டது. எம்.எஸ். சுப்புலட்சுமி உடுத்திப் பெயர் பெற்ற எம்.எஸ். புளூவுக்கும், சாதாரண நீலத்துக்கும் ஒரே பெயரா?

"அப்பத்தாவோட கலரெல்லாம் அதுக்குச் சொல்லிக்கொடுக்கலாம்ங்கத்தை" என்றாள் இவள்.

அதற்காகத்தான் நான் வாழ்க்கையில் முதல்முறையாக எழுத்தாலான புரோகிராமைத் தொட்டேன். ஒரு மைக்ரோ எஸ்டி கார்டில் மைக்ரோபைத்தானை ஏற்றிச் செருகினால், அதே பெட்டி புது மொழி பேச ஆரம்பிக்கிறது. பழைய மென்பொருளும் கார்டை எடுத்தால் அப்படியே இருக்கும். இந்த மொழியில் சென்சாரிடம் பெயர் கேட்க வேண்டாம். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் எவ்வளவு திரும்பி வந்தது என்ற எண்களையே வாங்கிவிடலாம், ஒவ்வொன்றும் 0 முதல் 100 வரை. சிவப்பு டேப்புக்கும் அரக்குத் துண்டுக்கும் மூன்று எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபோது, இரண்டிலும் சிவப்புதான் ஓங்கி நின்றது. ஆனால் அரக்கில் எல்லாமே அடங்கி, ஆழத்தில் இருந்தது. கண்ணால் எத்தனையோ வருடமாகப் பார்த்த ஆழம், மூன்று எண்ணாக!

இவள் துண்டை ஒற்றை மடிப்பாக ஃப்ளெக்ஸின் மேல் போட்டு ரீடிங் எடுத்தாள். வெளுத்துப்போன எண் வந்தது. "நாலா மடி கண்ணு, கீழே இருக்கிற வெள்ளை மேலே வருது பாரு" என்றேன். மடித்ததும் எண் இறங்கி நின்றது. பிறகு நாங்கள் லேபில் செய்வது போலவே, துணியைக் கால்வாசி கால்வாசியாக நாலு பக்கம் திருப்பி நாலு ரீடிங், அதன் சராசரி. அப்படி 14 நிறத்துக்கு ஒரு பட்டியல் போட்டோம்.

புதுத் துண்டு ஒன்றைக் காட்டினால், அது பட்டியலில் எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சிவப்புக்கும் சிவப்புக்கும் உள்ள வித்தியாசம், பச்சைக்கும் பச்சைக்கும், நீலத்துக்கும் நீலத்துக்கும். ஒவ்வொன்றையும் அதனாலேயே பெருக்கி, மூன்றையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் தூரம் கிடைக்கும். எது மிகக் குறைவோ அதுதான் பெயர். இதை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது பேனா அப்படியே நின்றுவிட்டது. இது டெல்டா ஈ, நாங்கள் ஷேட் வித்தியாசத்தை அளக்கிற எண்! எங்கள் மெஷின் எல், ஏ, பி என்று வேறு மூன்று எண்களை வைத்துச் செய்கிறதே, அதே கணக்கின் அடிப்படை. தினமும் திரையில் டெல்டா ஈ 1க்குள் இருக்கிறதா என்று பார்த்து பாஸ், ஃபெயில் எழுதிய எண்ணை, என் கையால் நானே செய்துகொண்டிருந்தேன். 22 வருடம் எதிரெதிரே உட்கார்ந்து வேலை செய்தவரின் வீட்டுக்குள் முதல்முறை போன மாதிரி இருந்தது. கண் கலங்கிவிட்டது. இவள் பயந்துபோய், "என்னாச்சுங்கத்தை?" என்றாள்.

அரக்கைக் காட்டினோம். "அரக்கு" என்றது, இவள் குரலில். அம்மா கைதட்டினார். கிளிப்பச்சைக்குக் கிளிப்பச்சை என்றது, மாம்பழ மஞ்சளுக்கு மாம்பழ மஞ்சள். வெங்காயக் கலரையும் சரியாகச் சொன்னது. எம்.எஸ். புளூவைச் சொன்னபோது நாங்கள் மூன்று பேரும் சேர்ந்தே கத்தினோம்.

அம்மா எழுந்து போய் பீரோவைத் திறந்தார். அடித்தட்டிலிருந்து, துணிப்பையில் சுற்றி வைத்திருந்த தன் கல்யாணப் புடவையை எடுத்து வந்தார். மயில்கழுத்துக் கலர். முந்தானையை நாலாக மடித்துச் சென்சாரின் கீழ் வைத்தோம். ஒரு ரீடிங் எடுத்து, கால்வாசி திருப்பி அடுத்தது எடுத்தாள். எண்கள் மாறியிருந்தன. மறுபடி திருப்பினாள், முதலில் வந்ததே வந்தது. மறுபடியும் திருப்பினாள், இரண்டாவது வந்தது.

"எதுங்கத்தை நெசம்?"

"பாவு நீலம், ஊடை பச்சை கண்ணு" என்றார் அம்மா, பட்டை விரலால் நீவிக்கொண்டே. "ரெண்டும் சேர்ந்தாத்தான் மயில்கழுத்து."

இவள் சராசரி எடுக்கவில்லை. பட்டியலில் இரண்டு வரி சேர்த்தாள். எண்கள் வேறு வேறு, பெயர் மட்டும் ஒன்று. புரோகிராமை ஓட்டினோம். "மயில்கழுத்து" என்றது. புடவையைத் திருப்பி வைத்தோம், "மயில்கழுத்து" என்றது. அன்று ராத்திரி சாப்பாட்டுக்குக் கூப்பிடும்வரை அம்மா தரையிலேயே உட்கார்ந்து, முந்தானையைத் திருப்பித் திருப்பி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.